பிள்ளையாருக்குப் போகும் ஒயர்

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்டு ஷெட் கட்டினேன். பிறகு அந்தத் தகரத்தைப் பிரித்துக் காயலாங்கடையில் போட்டுவிட்டுத் தளம் போட்டேன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன் நான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குள் போய் உட்கார்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து மாடி வீடு கட்டினேன். தம்பிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், ஒருத்தனுக்கு இரண்டு தடவை. மகளை டிகிரி படிக்க வைத்தேன். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. இங்கிலீஷ் தெரியாமலே இங்கிலீஷ்காரனுடைய ஒயரிங் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கோடு எங்கே போகிறது என்று பார்க்க எந்த பாஷை வேண்டும்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம், இந்தப் பக்கமெல்லாம் பழைய கார் வைத்திருந்த வீடுகளில் என் கை படாத டேஷ்போர்டு கொஞ்சம்தான். இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். செய்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்வார்கள்?

எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சங்கத்துப் பசங்கள் சிறப்பு மலர் போடுகிறார்கள். "அண்ணாத்த, இப்பல்லாம் லேப்டாப்பை மாட்டினா வண்டியே இன்னா வியாதின்னு சொல்லிடுது. நீங்க இன்னா பண்ணீங்கன்னு எழுதுங்க. சும்மாதானே கீறீங்க" என்று கேட்டார்கள். சும்மா இருக்கிறேன் என்று சொன்னதற்காகவே எழுதக் கூடாது என்று இருந்தேன். அதற்குள் அடையாறில் பழைய கார் கண்காட்சி வந்தது. அங்கே ஒரு போர்டைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

அது ஒரு சின்ன இங்கிலீஷ் கார். கப்பலில் வந்தது. முதுகு உருண்டு இருப்பதால் அது நிற்கும் தெருவில் அதற்கு ஆமை வண்டி என்று பெயர். கண்காட்சியில் அதற்குக் கப்பு கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டாண்டு வைத்து ஒரு போர்டு. பெயிண்ட் இன்னார், இன்ஜின் பெருங்குடிப் பக்கத்து ஒர்க்‌ஷாப், சீட் தைத்தது இன்னார், நிக்கல் பாலிஷ் இன்னார் என்று வரிசையாக எழுதியிருந்ததைப் பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் படித்துச் சொன்னான். டயர் கொடுத்தவன் பெயர்கூட இருந்தது. கடைசி வரி, ஒயரிங். அதற்கு எதிரே பெயர் இல்லை. 'ஒரிஜினல்' என்று இருந்தது.

எனக்கு இங்கிலீஷில் நன்றாகத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாவில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆயுசு முழுக்க வாங்கினேன். டூப்ளிகேட் டப்பாவிலும் அதுதான் போட்டிருக்கும்.

அந்த ஒயரிங் ஒரிஜினல் இல்லை. நான் கட்டியது. முழுக்க, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. அதை நான் சும்மா வாயால் சொல்லவில்லை. அந்த வண்டிக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அம்மா மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்றவள். எனக்கு எழுத்து வருவதற்கு முன்னால் பூக்கட்ட வந்துவிட்டது. எழுத்து வந்தும் தங்கவில்லை, பூக்கட்டு கையிலேயே தங்கிவிட்டது. மீசை முளைக்கிற வயசில் பூக்கடையில் உட்கார வெட்கமாகி, ராயப்பேட்டையில் கரீம் பாய் ஷெட்டில் சேர்ந்தேன். கார் எலக்ட்ரிக் வேலையில் அவரை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நாங்கள் அவரை உஸ்தாத் என்போம். முதல் சில வருஷம் பேட்டரி தூக்கினேன், ஈயம் உருக்கினேன், திட்டு வாங்கினேன். அதையெல்லாம் விரிவாக எழுத வேண்டியதில்லை, எல்லாரும் தூக்கியதுதான்.

உஸ்தாதைப் பற்றித்தான் எழுத வேண்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளை பைஜாமா. கார் எலக்ட்ரீஷியன் வெள்ளை போட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சாயந்திரம் ஷெட்டைப் பூட்டும்போதும் அதில் ஒரு பொட்டு கறை இருக்காது. வண்டி வந்தால் அவர் பேனட்டைத் திறக்க மாட்டார். வண்டியை விட்டுவிட்டு, கூட வந்த ஆளைப் பார்ப்பார்.

"கடைசியா யாரு கை வச்சது?"

எந்த வண்டிக்கும் முதல் கேள்வி இதுதான். "யாரும் வைக்கல பாய்" என்று சொன்னால், "அப்ப ஜின்னு வந்து வச்சிச்சா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உண்மை வெளியே வரும் வரை எழுந்திருக்க மாட்டார். உண்மை வந்துவிட்டால் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றச் சொல்வார். அப்புறம் வண்டிக்குள் ஏறிக் கதவை எல்லாம் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பார். ரப்பர் தீய்ந்தால் ஒரு வாசனை, ஒயர் மேல் சுற்றிய துணி தீய்ந்தால் வேறு வாசனை, பேட்டரி பொங்கினால் இன்னொன்று. அப்புறம் புறங்கையால் ஒயர் கட்டைத் தடவிக்கொண்டே போவார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சொரசொரப்பு தெரியாது என்பார். கையில் டெஸ்டர் பல்பை எடுப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான். பல்பு எரியும்போது அவருக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருக்கும்.

அவர் ஷெட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டக் கூடாது. "புண்ணுக்கு கர்சீப் கட்டற மாதிரி கீது" என்பார். அது நியாயம்தான். மெட்ராஸ் வெயிலில் பேனட்டுக்குள் டேப்பின் பசை உருகி வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும், தூசியெல்லாம் வந்து ஒட்டும், கடைசியில் டேப் தனியாக, ஒயர் தனியாக நிற்கும். ஒயர்களைச் சேர்த்து மெழுகு நூலால் கட்டுவதுதான் அங்கே முறை. எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கட்டி, கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மொத்தமும் தளர்ந்துவிடும்.

ஒருநாள் என்னிடம் ஒரு கட்டைக் கொடுத்தார். நான் யோசிக்கவில்லை, கை தன்னால் பூ கட்டியது. இரண்டு விரலில் நூலைச் சுற்றி, வளையத்தை ஒயர்களின் தலைவழியாக விட்டு, இழுத்து இறுக்கி, அடுத்த கண்ணிக்குப் போனேன். பூச்சரத்தில் ஒவ்வொரு கண்ணியும் தனி முடிச்சு. நடுவில் நார் அறுந்தால் அந்தக் கண்ணிதான் போகும், சரம் உதிராது. பல நிற ஒயர்கள் வேறு, பார்ப்பதற்குக் கதம்பம் மாதிரியே இருந்தது.

உஸ்தாத் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அரே, இன்னாடா இது, காருக்கு மாலை கட்றியா? மாப்பிள்ளை யாரு, டைனமோவா?"

ஷெட்டே சிரித்தது. அவர் நூலைப் பிடித்து இழுத்தார். நகரவில்லை. பிளேடு எடுத்து நடுவில் ஒரு கண்ணியை அறுத்தார். பக்கத்துக் கண்ணிகள் அப்படியே நின்றன. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மறுநாள் ஒரு டாக்டர் காரின் டேஷ்போர்டு வேலையை என் கையில் கொடுத்தார். அன்றைக்கிருந்து அந்த ஷெட்டிலிருந்து வெளியே போன கட்டெல்லாம் பூக்கட்டுதான், நான் கட்டியதுதான். வேறு எவனுக்கும் அது வரவில்லை. ஆம்பளைக்கு எதற்குப் பூக்கட்டு என்று இருந்துவிட்டார்கள்.

தனியாக ஷெட் போட்ட பிறகு என் பெயர் பரவியது ஒரு தி.நகர் கல்யாணக் காரால். அதுவும் பழைய கார். இந்த மாதிரிக் கார்களில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த். இப்போது வருகிற வண்டியில் மைனஸ். புதுப் பேட்டரி போட்டவன் வழக்கம் போல மைனஸைப் பாடிக்குக் கொடுத்துவிட்டான். வேடிக்கை என்னவென்றால், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஹாரன் அடிக்கும், லைட்டும் எரியும். ரேடியோ மட்டும் புகைந்துவிட்டது. நாலு பேர் ரேடியோவையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டேஷ்போர்டில் பேட்டரிக் கரண்ட் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுகிற அம்பியர் முள்ளைப் பார்த்தேன். லைட் போட்டால் இடது பக்கம் போக வேண்டிய முள் வலது பக்கம் போனது. பேட்டரியை மாற்றிக் கட்டி, டைனமோவும் அதே திசைக்குத் திரும்ப அதற்கு ஒரு தொடுப்புக் கொடுத்துச் சரிசெய்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை அழைப்பு நேரத்துக்கு நடந்தது. ரேடியோ பாடவில்லை, நாதஸ்வரக்காரர் பார்த்துக்கொண்டார்.

இனி ஆமை வண்டிக்கு வருகிறேன்.

அது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாமியின் வண்டி. வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே மகன் ஸ்ரீதர், ஓ.எம்.ஆர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. வண்டியை ஓட்டுவது கன்னியப்பன், பழைய டிரைவர், எனக்குத் தோஸ்து. வெள்ளிக்கு வெள்ளி மாமியை மயிலாப்பூர் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான் வண்டிக்கும் அவனுக்கும் வேலை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கன்னியப்பன் ஆட்டோவில் வந்து இறங்கினான். மூச்சு வாங்கியது.

"நைனா, லஸ்ஸாண்ட மாமி வண்டில நெருப்பு புட்ச்சிக்கிச்சு. டேஷ்போர்டுலேர்ந்து புகையா வருது. சீக்கிரம் வா."

"அணைச்சியா?"

"மாமி அணைச்சிட்டாங்க."

"எப்டி?"

"பாலை ஊத்திட்டாங்க."

"இன்னாத்தை?"

"பாலு நைனா. அபிஷேகத்துக்கு எடுத்துகினு வந்த பாலு. நான் தண்ணி தேடிகினு டீக்கடைக்கு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள வண்டிக்கு அபிஷேகம் முடிஞ்சிடுச்சு."

போய்ப் பார்த்தேன். மாமி காலிச் சொம்போடு ரோட்டோரம் நின்றிருந்தார். பதற்றம் ஒன்றும் இல்லை. "ஏழுமலை, நல்ல வேளை, முழுச் சொம்பா எடுத்துண்டு வந்தேன்" என்றார். நான் எர்த் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்த்தோம்.

உடனே வேலை ஆரம்பித்திருந்தால் பாதிக் கட்டு பிழைத்திருக்கும். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம். பிள்ளை, காயலாங்கடைக்குப் போடலாம் என்றார். தாய், நான் இருக்கிற வரைக்கும் வண்டி இருக்கும் என்றார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஒயருக்குள் பால் புளித்தது. பாலுக்கு எறும்பு வந்தது. அப்புறம் எலி. பெருச்சாளியே வந்திருக்கும் என்பது என் கணிப்பு, கடித்திருந்த அழகு அப்படி. கடைசியில் மாமி ஜெயித்து எனக்குச் சொல்லி அனுப்பினார்.

தீ, பால், எறும்பு, எலி. நாலும் சேர்ந்து மேய்ந்த ஒயரிங்கை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வண்டிக் கதவைத் திறந்ததும் உள்ளே எரிந்த ரப்பரும் புளித்த தயிரும் கலந்த வாசனை. உஸ்தாத் இருந்திருந்தால் அவருக்கே அது புதுசு.

போர்ட்டிகோவில் எல்லாரும் நின்றார்கள். நான் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கடைசியா யாரு கை வச்சது?"

ஸ்ரீதர் முந்திக்கொண்டார். "வேற யாரு? கன்னியப்பன்தான் எதையாவது நோண்டியிருப்பான். இனிமே டிரைவரே வேண்டாம்மா. நான் கேப் புக் பண்ணித் தரேன், நீ கோயிலுக்குப் போயிட்டு வா."

"நான் இன்னாத்துக்கு தம்பி கை வைக்கப் போறேன்?" என்றான் கன்னியப்பன். சொல்லும்போது அவன் கண் டேஷ்போர்டு மேல் இருந்த சின்னப் பிள்ளையாரிடம் போய்விட்டு வந்தது. நான் அதைப் பார்த்தேன். மாமி வேறு பக்கம் பார்த்தார். அதையும் பார்த்தேன்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உஸ்தாதின் முறை.

ஸ்ரீதர்தான் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். கெட்டிக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். "அண்ணா, இங்க ஒரு மெல்லிசு ஒயர் வரதே, இது மத்த ஒயர் மாதிரி இல்லையே" என்றார். நான் போய்ப் பார்த்தேன். கொலுவுக்குப் போடும் சீரியல் பல்பு ஒயர். பிள்ளையார் முன்னால் இருந்த சிவப்பு பல்பிலிருந்து டேஷ்போர்டுத் தகட்டுக்குள் நுழைந்து, நேராக அம்பியர் மீட்டர் ஆணியில் போய்ச் சுற்றியிருந்தது. சாவிக்கு முன்னால், அதாவது சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் நிற்காது. ஃபியூஸ் இல்லை. தகட்டில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஆட ஆட, தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. பேட்டரியின் மொத்த பலமும் அந்த நூல் ஒயர் வழியாகப் பாடிக்கு இறங்கியிருக்கிறது. அது பழுத்து, பக்கத்திலிருந்த பழுப்பு ஒயரைப் பழுக்க வைத்து, கட்டு முழுக்கப் பரவிவிட்டது.

"இதை யாரு போட்டது?" என்று ஸ்ரீதர் கன்னியப்பனைப் பார்த்தார்.

"நான்தாண்டா போடச் சொன்னேன்" என்றார் மாமி. "முன்னாடி இருந்த விளக்கு, சாவியைத் திருப்பினா அணைஞ்சு போறது. சாமி விளக்கு அப்படி அணையலாமோ? கொலுவுக்கு லைட் போடறவன் வந்தான், அணையாத மாதிரி போட்டுக் குடுடான்னேன். கன்னியப்பன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். உங்கிட்ட சொல்லப்படாதுன்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன்."

ஸ்ரீதர் போன் டார்ச்சை அணைத்தார். கேப் பேச்சு அதோடு போயிற்று. கன்னியப்பன் என் காதில், "பாலு ஊத்தினதும் அவங்கதான், நெருப்பு வெச்சதும் அவங்கதான். எனக்கு வண்டில ஓட்றதைத் தவிர வேலையே இல்ல நைனா" என்றான்.

பழைய கட்டை ஒரே துண்டாக வெளியே எடுத்தேன். போர்ட்டிகோ தரையில் வண்டிக்குள் எப்படிக் கிடந்ததோ அப்படியே நீட்டி வைத்தேன். தண்டு ஒன்று, அதிலிருந்து ஹெட்லைட்டுக்கு, ஹாரனுக்கு, டைனமோவுக்கு, பின் லைட்டுக்கு என்று கிளைகள். அது எங்கே வளைகிறது, எங்கே பிரிகிறது என்று அச்சு எடுக்க வேண்டும். சாக்பீஸ் கிடைக்கவில்லை. மாமி கோலமாவு கொண்டுவந்து கொடுத்தார். அரிசிமாவு வேண்டாம், மறுபடி எறும்பு வரும், கல்மாவுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஓரமாகக் கோடு போட்டு, பிரிகிற இடத்தில் எல்லாம் செங்கல் வைத்தேன். பழைய கட்டைத் தூக்கியதும் தரையில் அந்தக் காரின் நரம்பு முழுக்கக் கோலமாக நின்றது. மறுநாள் காலை வீட்டு வேலை செய்கிற அம்மா துடைப்பத்தோடு வந்து, "இன்னா இது, கோலத்துல புள்ளியே இல்ல" என்று பெருக்கப் போனார். மாமி போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டது.

ஸ்ரீதர், வெளிநாட்டிலிருந்து புதுக் கட்டு வரவழைக்கலாமா என்று கேட்டார். வரவழைத்திருக்கலாம். ஆனால் மாமிக்குப் பழைய மாதிரியே வேண்டும், எனக்கு நானே கட்ட வேண்டும். இரண்டு பிடிவாதம் ஒரே பக்கம் சேர்ந்தால் மூன்றாவது ஆள் என்ன செய்வார்?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், சங்கத்துப் பசங்கள் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்து ஒயருக்கு மேலே நூல் பின்னல் இருக்கும். நிறத்துக்கு ஒரு வேலை. பழுப்பு பேட்டரி, வெள்ளை சாவி, நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு எர்த். கடையில் நிறம் நிறமாக பிளாஸ்டிக் ஒயர் கிடைக்கும், நூல் பின்னல் கிடைக்காது. யோசித்தேன். உஸ்தாத் பைஜாமா நாடா வாங்குகிற கடை ஞாபகத்துக்கு வந்தது. உருட்டு நாடா, உள்ளே குழல் மாதிரி வெறுமையாக இருக்கும், சுருள் சுருளாக விற்பார்கள். அதற்குள் ஒயரை நுழைத்தால்?

நுழைந்தது. புடவைக்கு மேட்சிங் சாயம் போடுகிற கடையில் அந்த நாடாவைக் கொடுத்து, பழைய ஒயர்த் துண்டுகளைக் காட்டி, இந்த இந்த நிறம் என்றேன். சாயக்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏன் பாய், ஒரு பைஜாமாவுக்கு எத்தனை நாடா கட்டுவீங்க?" என்னைப் பாய் என்றே நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

ஒவ்வொரு ஒயரையும் அளவு பார்த்து வெட்டி, நாடாவுக்குள் இழுத்து, முனையில் ஈயம் வைத்து, ஆச்சாரிகள் மரத்துக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷைத் தடவிக் காயவைத்தேன். காய்ந்ததும் நாடா விறைத்து, நிறம் ஒரு படி மங்கி, அந்தக் காலத்து ஒயர் போலவே வந்துவிட்டது. கோலத்தின் மேல் வரிசையாக அடுக்கி, மெழுகு நூலால் கட்டினேன். பூக்கட்டு. தண்டில் நெருக்கமாக, கிளையில் தளர்வாக, வளைவில் உள்பக்கம் முடிச்சு வராமல். என் அம்மா கோயில் மாலை கட்டும்போது கழுத்தில் படுகிற பக்கம் முடிச்சு வரக் கூடாது என்பாள், அதே கணக்கு. ஃபேக்டரிக்காரன் ஃபியூஸ் வைக்காமல் விட்ட இடங்களில் ஃபியூஸ் வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைத்தேன். அதனால் அவன் கட்டை விட என் கட்டு ஒசத்தி. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

கடைசியாகப் பிள்ளையார். மாமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஏழுமலை, விளக்கு..."

"போட்டுத் தரேன் மாமி."

"அணையப்படாது."

"அணையாது. ஆனா ஃபியூஸ் வெப்பேன். ரப்பர் வளையம் போடுவேன். வெள்ளிக்கு வெள்ளி வண்டியை எடுக்கணும், இல்லாட்டி பேட்டரி இறங்கிடும்."

"ஃபியூஸ் போனா விளக்கு அணைஞ்சுடுமே?"

"வண்டி எரியறதுக்கு விளக்கு அணையறது தேவலை மாமி. பிள்ளையாரும் அதைத்தான் சொல்லுவாரு."

மாமி யோசித்துவிட்டு, சரி என்றார்.

அந்த விளக்குக்குத் தனி ஒயர் விட்டேன். அந்தக் காரில் கம்பெனிக்காரன் எங்கேயும் வைக்காத நிறம் வேண்டும், நாளைக்கு வேறு எவன் பிரித்தாலும் குழம்பக் கூடாது என்று காவி நிறம் சாயம் போட்டேன். ஃபியூஸிலிருந்து கட்டோடு சேர்ந்து வந்து, கடைசிக் கண்ணியில் தனியாகப் பிரிந்து, மேலே பிள்ளையாருக்குப் போகும்.

வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. அம்பியர் முள் போக வேண்டிய பக்கம் போனது. ஸ்ரீதர் எல்லா ஸ்விட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், இரண்டு தடவை. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்த வண்டி மேல் ஆசை. அடுத்தடுத்த வருஷங்களில் பெயிண்ட் அடித்தார், இன்ஜின் இறக்கினார், சீட் தைத்தார். காயலாங்கடைக்குப் போட வேண்டும் என்றவர்தான் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. இன்ஜின் வேலையும் பெயிண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தவன் வேலையைக் குறை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கண்காட்சியில் போர்டைப் பார்த்துவிட்டு ஸ்ரீதரிடம் கேட்டேன். "இன்னா தம்பி, ஒயரிங் ஒரிஜினல்னு போட்டுக்கீது?"

அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அண்ணா, ஜட்ஜ் டார்ச் அடிச்சுப் பார்த்தார். 'ஃபேக்டரி ஒயரிங் இவ்வளவு நன்னா நின்னு நான் பார்த்ததே இல்லை'ன்னார். நான் வாயைத் திறக்கலை. அவரே எழுதிண்டு போயிட்டார்."

"நீங்க சொல்லிருக்கலாமே."

"ஒரிஜினலா இருந்தா தனி மார்க் அண்ணா. அதுலதான் கப்பே வந்தது. ஒரு விதத்துல உங்களுக்குப் பெருமைதானே? ஃபேக்டரி மாதிரியே பண்ணியிருக்கேள்னுதானே அர்த்தம்?"

மாமி வீல்சேரில் பக்கத்தில் இருந்தார். காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. "ஏண்டா, ஆத்துல கோலமாவு கொட்டி மனுஷர் முட்டி தேய உக்காந்து பண்ணினதை, கப்பல்லயே வந்ததுன்னு போட்டுண்டா நன்னாவா இருக்கு? பிள்ளையாரையும் விளக்கையும் எடுத்துட்டே."

"அம்மா, இங்கிலீஷ் கார்ல பிள்ளையார் இருந்தா ஒரிஜினல் இல்லையேம்மா. சித்த சும்மா இரேன்."

"அவரை எங்கடா வெச்சிருக்கே?"

"ஆத்துல பத்திரமா இருக்கார்."

நான் வண்டிக்குப் பக்கத்தில் போய் டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டேன். புறங்கையில் என் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. ஒன்றுகூடத் தளரவில்லை. பேட்ஜ் குத்திய ஒரு பெண் ஓடி வந்து, "ஐயா, ப்ளீஸ், தொடாதீங்க, ஒரிஜினல் வண்டி" என்றது. கையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை, போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஃபேக்டரி என்று ஜட்ஜ் சொன்னதைக் கேட்டபோது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். பஸ் ஏறி வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். ஃபேக்டரி மாதிரி என்றால் அதில் நான் இருக்கிறேன். ஃபேக்டரி என்றே எழுதிவிட்டால் அதில் நான் எங்கே? அந்தக் கப்பல்காரனுடைய ஒயரிங் லஸ்ஸில் எரிந்து, பாலில் நனைந்து, எலி வயிற்றுக்குப் போய்விட்டது. அவனுக்கு மார்க் கொடுத்திருக்கிறார்கள்.

உஸ்தாத் பெயரும் வேண்டாமா என்று கேட்பீர்கள். அவர் பெயரை அவர் பிள்ளைகள் கேட்கட்டும், நான் தடுக்க மாட்டேன். நான் என் பெயரைக் கேட்கிறேன். கப்பை ஸ்ரீதர் தம்பியே வைத்துக்கொள்ளட்டும். மார்க் குறைந்தால் குறையட்டும், அவருக்குத் திரும்ப வாங்குகிற கெட்டிக்காரத்தனம் உண்டு. அடுத்த கண்காட்சியில் அந்தப் போர்டில் ஒயரிங் என்ற வரிக்கு எதிரே 'ஏழுமலை, ராயப்பேட்டை' என்று இருக்க வேண்டும். டயர்காரனுக்கு எழுதிய அதே அளவு எழுத்தில்.

நம்பாதவர்கள் ராஜா அண்ணாமலைபுரம் போகலாம். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, வண்டிக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் பாருங்கள். மயிலாப்பூர் பூக்கட்டு தெரியும். கட்டின் கடைசிக் கண்ணியில் காவி நிறத்தில் ஒரு ஒயர் தனியாகப் பிரிந்து, மேலே தகட்டு வரை போய், எதிலும் சேராமல் நிற்கும். அது எங்கே போவதற்காக வைத்த ஒயர் என்று அந்த ஜட்ஜைக் கேளுங்கள். இங்கிலாந்து ஃபேக்டரிக்காரன் பிள்ளையாருக்கு ஒயர் விட்டு அனுப்பினான் என்று அவர் எழுதிக் கொடுத்தால், நான் ஒப்புக்கொள்கிறேன், ஒரிஜினல்தான்.